கைநாட்டும் நெஞ்சுவலியும்: வானம் பார்த்த பூமியின் அச்சம் குறித்துச் சில குறிப்புகள்

தமிழில் நெஞ்சு என்கிற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. வலிக்கிற இடமும் அதுதான்; நினைக்கிற, தயங்குகிற, தனக்குள்ளேயே வாதாடுகிற இடமும் அதுதான். குறளின் 125ஆம் அதிகாரத்துக்கு 'நெஞ்சொடு கிளத்தல்' என்று பெயர். அங்கே தலைவி தன் நெஞ்சை எதிரே உட்கார வைத்துப் பேசுகிறாள். தன் நோய்க்கு அதனிடமே மருந்து கேட்கிறாள். நவீன மருத்துவமனைக்குள் அனுமதி கிடைத்தது இருதயத்துக்குத்தான். நெஞ்சை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இருதயத்தை ஒரு துறையும் மனசை இன்னொரு துறையும் பங்கு பிரித்துக்கொண்ட பிறகு, இரண்டுக்கும் நடுவில் அனாதையாகக் கிடந்த ஒன்றுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. 'அனுமதிக்கப்பட்ட இதயநோயாளிகளிடம் காணப்படும் பதற்றமும் மனஅழுத்தமும்' என்று ஆய்வேடுகளில் இன்று புழங்குகிற சொல்லாடல் இந்தப் பாகப்பிரிவினைக்குப் பிந்தியது.

அச்சத்தைப் பற்றிப் பேச நம்மிடம் வேறொரு மொழி இருந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு களன்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கவனித்தால், நான்குமே பயப்படுகிறவனுக்கு வெளியே இருப்பவை. கண்ணுக்குத் தெரியாத சக்தி, கடிக்க வருவது, பறிக்க வருவது, தன்னை ஆள்வது. பயம் அவனுடைய சுபாவக் கோளாறாக அங்கே சொல்லப்படவில்லை. ஐரோப்பிய உளவியல் பேசுகிற பதற்றமோ பொருளற்ற பயம். எதைக் குறித்தென்று சொல்ல முடியாததால்தான் அது நோய். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி என்று விரிகிற இந்த வறண்ட நிலத்திலிருந்து நெஞ்சுவலியோடு மதுரைக்குக் கொண்டுபோகப்படுகிற ஒருவனின் பயத்தை எந்த மொழியில் வாசிப்பது என்பதே இந்தக் கட்டுரையின் பிரச்சினை. அவனுடைய பயம் பொருளற்றது இல்லை, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் அந்தப் பதற்றத்தின் வரலாறு. 1871இல் ஜேக்கப் டா கோஸ்டா என்கிற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களிடம் கண்ட படபடப்பையும் நெஞ்சுவலியையும் 'எரிச்சலுற்ற இதயம்' என்று எழுதினார். இதயத்தில் கண்டுபிடிக்கும்படி பழுது ஒன்றும் இல்லை. ஆனாலும் அது வலித்தது. முதல் உலகப் போரில் இதுவே 'சிப்பாய் இதயம்' ஆயிற்று. 1918இல் தாமஸ் லூயிஸ் அதற்கு 'முயற்சிக் கோளாறு' என்று பெயர் மாற்றினார். இவனைத் திரும்பவும் போர்முனைக்கு அனுப்பலாமா கூடாதா என்பதுதான் ராணுவ மருத்துவம் தெரிந்துகொள்ள விரும்பிய ஒரே விஷயம். 1941இல் பால் வுட் இது இதயநோயே அல்ல, பயம் சார்ந்த நரம்புத்தளர்ச்சி என்று முடித்து வைத்தார். எழுபது ஆண்டுகளில் யுத்தம் சிப்பாயின் சுபாவமாக மாறிவிட்டது. குண்டு விழுகிற இடத்தில் நின்றவனுக்குப் பயம் வந்தது என்று சொல்வதற்கு இத்தனை சுற்று.

அடுத்த சுற்று இன்னும் சுவாரசியமானது. 1959இல் பிரீட்மன், ரோசன்மன் என்ற இரு மருத்துவர்கள் 'ஏ வகை' ஆளுமை என்று ஒன்றைச் சொன்னார்கள். அவசரக்காரன், போட்டிக்காரன், கடிகாரத்தோடு மல்லுக்கட்டுகிறவன். அவனுக்குத்தான் மாரடைப்பு வரும். மேனேஜர்களின் நோய் என்கிற பிம்பம் இப்படித்தான் உருவாயிற்று. நம்மூர் வார இதழ்களில் 'டென்சனைக் குறையுங்கள்' என்று வந்த கட்டுரைகளெல்லாம் இதன் பேரப்பிள்ளைகள். ஆனால் 1978இல் வெளியான லண்டன் அரசு ஊழியர் ஆய்வு (வைட்ஹால் ஆய்வு) வேறொன்றைக் காட்டியது. மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களே இதயநோயால் மூன்றரை மடங்குக்கும் மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். புகைபிடித்தல், ரத்த அழுத்தம் முதலிய கணக்குகளைக் கழித்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி மிச்சமிருந்தது. பிற்பாடு, 2010களில், சிகரெட் கம்பெனிகளின் உள் ஆவணங்களைப் படித்த ஆய்வாளர்கள், 'ஸ்ட்ரெஸ்' கோட்பாட்டின் பிதாமகர் ஹான்ஸ் செல்யேவுக்கும் ஏ வகை ஆராய்ச்சிக்கும் புகையிலைத் தொழில் பணம் கொடுத்து வந்ததை வெளிக்கொண்டு வந்தார்கள். மாரடைப்புக்குக் காரணம் அவனவன் மனசு என்றால் சிகரெட் தப்பித்துக்கொள்ளும் அல்லவா. மனஅழுத்தம் என்கிற சொல்லை நாம் எவ்வளவு அப்பாவித்தனமாக வாங்கிக்கொண்டோம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊரில் இருந்தது ரத்தக்கொதிப்பு. கொதிப்பில் ஒரு கோபம் உண்டு. கோபத்துக்கு ஓர் எதிராளி உண்டு. அழுத்தத்துக்கு அளக்கிற கருவி மட்டும்தான் உண்டு.

இதயநோயாளிக்கென்று தனி வார்டு என்பது மிகச் சமீபத்திய கண்டுபிடிப்பு. 1950கள் வரை மாரடைப்பு வந்தவனை வாரக்கணக்கில் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள். புரண்டு படுக்கவும் விடமாட்டார்கள். 1952இல் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லோனும் நோயாளியை நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதியது அன்றைக்குக் கலகம். 1960இல் மார்பை வெளியிலிருந்தே அழுத்தி நின்ற இதயத்தை ஓட்டும் முறை வந்தது. 1961இல் எடின்பரோவின் டெஸ்மண்ட் ஜூலியன், நோயாளிகள் எல்லோரையும் ஒரே அறையில் வைத்து இருபத்துநான்கு மணி நேரமும் ஈ.சி.ஜி. திரையில் கண்காணித்தால் திடீர்ச் சாவுகளைத் தடுக்கலாம் என்றார். 1962இல் அமெரிக்காவின் கான்சஸ் நகரில் ஹியூஸ் டே அப்படியொரு பிரிவைத் திறந்தார். மருத்துவப் பார்வை எப்படி உடலை வாசிக்கத்தக்க பிரதியாக்கியது என்று ஃபூக்கோ எழுதிய 'மருத்துவமனையின் பிறப்பு' வந்தது அடுத்த ஆண்டு, 1963இல். அவர் பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவைப் பற்றி எழுதினார். கண்ணிமைக்காத அந்தப் பார்வை பக்கத்திலேயே இயந்திரமாகிக்கொண்டிருந்தது.

இந்தப் பார்வை உயிர்களைக் காப்பாற்றியது என்பதை மறைத்துவிட்டு மேலே பேசக்கூடாது. நம் சிறுபத்திரிகைச் சூழலில் அதிகார விமர்சனம் என்ற பேரில் ஈ.சி.ஜி. மெஷினையே ஏகாதிபத்தியமாகப் பார்க்கிற ஒரு சௌகரியம் உண்டு. அந்தச் சௌகரியம் காரியாபட்டிக்காரனுக்குக் கட்டுப்படியாகாது. அங்கே பிரச்சினை கண்காணிப்பு கிட்டே இல்லை என்பதும்தான்.

பயத்தை இந்த வார்டுக்குள் முதலில் கவனமாகப் பார்த்தவர்கள் ஹாக்கெட், காசெம், விஷ்னி என்ற மூவர். 1968இல் பாஸ்டனில் 50 நோயாளிகளோடு பேசினார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சாவதைப் பார்த்தவர்கள்கூட 'எனக்கொன்றும் பயமில்லை' என்றே பெரும்பாலும் சொன்னார்கள். மறுப்பு என்று அதற்குப் பெயர் கொடுத்தார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் அதற்கு வேறொரு பெயர்: வாய்வு. நெஞ்சைப் பிசைகிறது, இடது கை கடுக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. 'ஒண்ணுமில்ல, வாய்வுதான்.' ஒரு சோடா, கொஞ்சம் இஞ்சிச்சாறு, ஓமத்தண்ணி. மணி இரண்டு, மூன்று என்று போகும். அடைபட்ட ரத்தக்குழாய்க்குப் பின்னால் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. இதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். வாய்வு என்றால் செலவு ஐந்து ரூபாய், மாரடைப்பு என்றால் தறி போகும், நகை போகும் என்கிற கணக்கு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. வாய்வு என்பது வைத்தியச் சொல் மட்டுமல்ல, பொருளாதாரச் சொல்லும்கூட.

என் தாய்மாமன் அருப்புக்கோட்டையில் தறி நெய்தவர். கைத்தறியில் தொடங்கி, விசைத்தறிக் கூலியாக முடிந்தவர். அவருக்கு அடைப்பு என்று மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அட்டெண்டராக இருந்தது நான். (அட்டெண்டர் என்கிற வார்த்தையே ஒரு ஆய்வுக்குரியது. பிள்ளை, மருமகன், பெண்டாட்டி எல்லோரும் அந்த வாசலில் உறவை இழந்து அட்டெண்டர் ஆகிவிடுகிறார்கள்.) ஆஞ்சியோவுக்கு முன்னால் ஒரு படிவம் வந்தது. நான்கு பக்கம், இங்கிலீஷில். மாமா சொசைட்டியில் தன் பெயரை அழகாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர். வலது கையில் ஊசி இறங்கிக்கொண்டிருந்ததால் இடது கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தினார்கள். 'மாப்ள, என்ன எழுதியிருக்கு அதுல, படி' என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் படிவம் போய்விட்டது. அன்று ராத்திரி அவர் கேட்டது நெஞ்சைப் பற்றி அல்ல. 'எவ்வளவுக்குடா எழுதி வாங்குனாங்க?' புரோநோட்டுத்தான் அவர் அறிந்த கைநாட்டு. வட்டிக்காரரிடம் வெற்றுத்தாளில் விரல் வைத்துப் பழகியவருக்கு ஒப்புதல் படிவம் வேறு எப்படித் தெரியும்? கள்வர் என்று தொல்காப்பியர் சொன்ன களன் இதுதானோ என்று தோன்றியது.

பக்கத்துக் கட்டிலில் கமுதிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், எண்பது வயசிருக்கும். அவரிடமும் விரல் கேட்டபோது கையை இறுக்கி மூடிக்கொண்டார். 'எங்கய்யாகிட்ட ரேகை எடுத்தான் வெள்ளக்காரன். எங்கிட்ட எதுக்கு?' என்றார். நர்ஸுகளுக்கு ஒன்றும் புரியவில்லை. கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்கவில்லை, பதற்றமாக இருக்கிறார்' என்று எழுதியிருப்பார்கள், வேறென்ன. 1911 முதல் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த குற்றப்பழங்குடிச் சட்டம் மதுரை மாவட்டக் கள்ளர்கள் மீதும் இராமநாதபுரம் மாவட்ட மறவர்களில் ஒரு பகுதியினர் மீதும் பாய்ந்தது. பிறப்பாலேயே குற்றவாளி, பெயரைப் பதிந்து, பத்துவிரல் ரேகை கொடுத்து, ராத்திரியில் இருக்குமிடம் சொல்ல வேண்டும். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். 1947இல் அது மாகாணத்தில் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிய ஒன்று ஒரு கிழவரின் மூடிய உள்ளங்கைக்குள் இருந்ததை அன்றைக்குப் பார்த்தேன். இறை என்பது அணங்கைவிடக் கொடியது.

வறண்ட நிலத்துக்காரர்களின் உடலை மருத்துவம் மொத்தமாகப் பிடித்து வைத்துப் பார்த்த இன்னொரு இடமும் இருந்தது: மண்டபம் முகாம். இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இலங்கை அரசு அங்கே சில நாட்கள் அடைத்து வைத்தது. தொற்றுநோய்க்குப் பயந்து தடுத்து வைத்தல், பரிசோதனை, பிறகு கப்பல். உடம்பு வேலைக்குத் தேறுமா என்பது கேள்வி. போர்முனைக்குத் தேறுமா என்று லூயிஸ் கேட்டதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. வேலிக்குள் இருந்துகொண்டு உறவுக்காரர்களைப் பிரிந்து, புரியாத பாஷையில் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது இந்த ஜனங்களுக்கு ஐ.சி.யூ.வில் தொடங்கியதல்ல.

திருச்சுழி என்றதும் நினைவுக்கு வருகிற ஒரு மரணபயம் உண்டு. வெங்கட்ராமன் என்கிற பையன் 1879 டிசம்பர் 30இல் அங்கே பிறந்தான். தாது வருஷப் பஞ்சம் என்று ஜனங்கள் சொல்கிற 1876-78 பஞ்சம் ஓய்ந்த மறு வருஷம். தகப்பனார் சுந்தரமய்யர் வக்கீல், 1892இல் இறந்தார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது, அண்ணனும் அவனும் மதுரையில் சிற்றப்பா வீட்டுக்கு வந்தார்கள். 1896 ஜூலை மத்தியில், உடம்பில் எந்த நோயும் இல்லாத பதினாறு வயசுப் பையனுக்குச் சாகப்போகிறோம் என்கிற பயம் திடீரென்று வந்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. தரையில் பிணம்போல விறைத்துப் படுத்து, மூச்சையடக்கி, சாவு என்றால் என்னவென்று பார்த்தான். அடுத்த மாதக் கடைசியில் வீட்டை விட்டுப்போய் திருவண்ணாமலையில் ரமணர் ஆனான். பிற்காலத்தில் இதயம் மார்பின் வலது பக்கம் இருப்பதாக அவர் சொல்லிவந்தார். உடலுறுப்பாகிய இதயத்தை அவர் சொல்லவில்லை. அவருடைய ஆன்மீகம் எனக்குத் தேவையில்லை. என் அக்கறை, ஒரு பயத்துக்கு என்னவெல்லாம் நேரக்கூடும் என்பதில். இன்றைக்கு அந்தப் பையனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள், ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது, பேனிக் அட்டாக் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பயத்தைத் தத்துவமாக்கிக்கொள்ள அவனுக்குத் தனியறையும், படிப்பும், பயத்தின் அர்த்தத்தை ஏற்றுக்கொள்ளக் காத்திருந்த ஒரு மரபும் இருந்தன. அதே சீமையில் பஞ்சத்துக்குத் தப்பிப் பிழைத்த சம்சாரிக்கு வந்த சாவுபயம் எந்த ஏட்டிலும் இல்லை. எவருடைய பயம் ஞானமாகப் பதிவாகிறது, எவருடையது 'ஒத்துழைக்கவில்லை' என்று பதிவாகிறது?

சம்சாரியின் பயத்துக்கும் ஒரு சபை இருந்தது, கோடாங்கி. பயந்த கோளாறு என்று அழைத்துக்கொண்டு போனால் உடுக்கடித்து, எங்கே பயந்தாய், எதைக் கண்டு பயந்தாய் என்று நாலுபேர் முன்னால் கேட்பான். பயத்துக்கு இடமும் பேரும் கிடைக்கும், சொந்தபந்தம் கூடியிருக்கும். அடைப்பை உடுக்கால் திறக்க முடியாது, அங்கே போன மணிநேரங்களில் செத்தவர்கள் உண்டு. நான் சொல்வது கேள்வியின் அமைப்பைப் பற்றி. கோடாங்கி 'எதைக் கண்டு' என்று கேட்டான். வார்டில் 'எவ்வளவு' என்று கேட்கிறார்கள்.

எவ்வளவு என்று கேட்க 1983இல் சிக்மண்டும் ஸ்னெய்த்தும் உருவாக்கிய 14 கேள்விகள் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. ஏழு பதற்றத்துக்கு, ஏழு மனச்சோர்வுக்கு. ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் 3 வரை மதிப்பெண். அதில் ஒரு கேள்வி, வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறப்பதுபோல ஒரு பயம் வருகிறதா என்று கேட்கிறது. இதை அப்படியே தமிழாக்கி நரிக்குடிக்காரரிடம் நீட்டினால், பாவம், ஏதோ சந்தோஷமான விஷயம் என்று நினைத்துக்கொள்வார். அவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். மொழிபெயர்ப்பாளர் புளிக்கு மாறிவிட்டாலும் அடுத்த சிக்கல் தீராது. நாளைக்கு எவ்வளவு கட்டச் சொல்வார்கள், விசைத்தறி முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவானா, வெளியே நடைபாதையில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் வீட்டுக்காரி சாப்பிட்டாளா என்று எந்தக் கேள்வியும் இல்லை. இவையெல்லாம் சேர்ந்து ஒரு மதிப்பெண்ணாக அவருடைய மனசின்மேல் ஏறுகின்றன.

இங்கே ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு. பயத்தின் காரணம் வெளியே இருந்தாலும் அது வேலை செய்வது உள்ளேதான். அட்ரினலின் ஏறும், துடிப்பு தாறுமாறாகும், அடிபட்ட இதயம் அதைத் தாங்காது. 1993இல் மாண்ட்ரியலில் மாரடைப்பு வந்த 222 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, ஆஸ்பத்திரியிலேயே மனச்சோர்வுற்றிருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் அதிகம் செத்ததைக் காட்டியது. ஆகவே பயத்தைப் போக்கினால் உயிர் மிஞ்சும் என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் 2,481 நோயாளிகளை வைத்துப் பேச்சுமுறைச் சிகிச்சையைச் சோதித்து 2003இல் முடிவு வெளியிட்டார்கள். மனசு தேறியது, சாவு குறையவில்லை. மனசு தேறியதே ஒரு நன்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்தில் இன்னொரு கணக்கை வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலேயே, சிறிய ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸாலும் ஈ.சி.ஜி. தகவலாலும் இணைத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கிட்டேயே கொடுத்துவிட்டு மேலே அனுப்புகிற ஒரு திட்டத்தை 2,420 நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி ஓராண்டுச் சாவு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆக இறங்கியது. இது முன்-பின் ஒப்பீடுதான், சீட்டுக்குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. ஆனாலும் மனசைச் செப்பனிட்டபோது நடக்காத ஒன்று சாலையைச் செப்பனிட்டபோது நடந்திருக்கிறது.

108 வந்தது 2008இல். 2009இல் கலைஞர் காப்பீடு, 2012 முதல் முதலமைச்சர் பெயரிலான விரிவான காப்பீடு. 2017இல் ஸ்டென்டுக்கு உச்சவிலை வைத்தபோது மருந்து பூசியது 29,600 ரூபாய்க்கு வந்தது. அதுவரை எவ்வளவு கறந்தார்கள் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. 2022இல் விருதுநகரில் மருத்துவக் கல்லூரி. 2023இல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் முதலான முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்'. ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்பது 1988இலேயே 17,187 பேரிடம் நிரூபணமாயிற்று. அந்தக் காலணா மாத்திரை திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு திட்டமாக வந்துசேர முப்பத்தைந்து வருஷம். இந்தத் திட்டங்கள் எதுவும் மனநலத் திட்டமென்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை. காப்பீட்டு அட்டை செல்லும் என்று கவுண்டரில் சொன்ன கணத்தில் என் அத்தையின் முகத்தில் இறங்கிய பதற்றத்தை எந்த மாத்திரையும் இறக்கியிருக்காது.

ஆனால் கைநாட்டு அப்படியே இருக்கிறது. ஒப்புதல் என்றால் நோயாளிக்குப் போதுமான தகவல் கொடுத்து அவர் புரிந்துகொண்டு தருவது என்று உச்சநீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொன்னது. படிவம் தமிழில் இருக்க வேண்டும். எழுத்துத் தமிழில் இருந்தாலும் போதாது, பேச்சில் வாசித்துக் காட்ட வேண்டும். அட்டெண்டரை உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். செலவு எவ்வளவு, அட்டை எதுவரைக்கும் தாங்கும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். கை மூடிக்கொள்கிற பெரியவரிடம், இது போலீசுக்குப் போகாது என்று ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். இதற்கு மனநல நிபுணர் வேண்டாம். பத்து நிமிஷமும், கமுதிப் பேச்சு பேசத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். அந்தப் பெரியவருக்குக் கடைசியில் விரலைப் பிரித்து ரேகை வாங்கியது அவருடைய பேத்தி. என்ன சொல்லிப் பிரித்தாள் என்று கேட்டேன். 'ஒண்ணுமில்லண்ணே. முதல்ல எம் பெருவிரல மையில முக்கி அவருக்குக் காட்டுனேன்' என்றாள்.